நன்றாக நடக்கிறார்

என் கன்னடத்தை யாராவது பாராட்டினால் எனக்குப் பிடிப்பதில்லை. வேலை செய்கிற இடத்தில் இது அடிக்கடி நடக்கும். "தமிழ்ப் பொண்ணா நீ? நம்பவே முடியலையே, இவ்வளவு சுத்தமாப் பேசுறியே" என்பார்கள். ஒப்புக்கு ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டு அந்த இடத்தைக் காலி பண்ணிவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். என் கன்னடத்தை முதன்முதலில் பாராட்டிய மனிதர் ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அந்தப் பாராட்டை நான் எப்படிச் சம்பாதித்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஜீவனஹள்ளியில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் இரண்டறை வீடு. அப்பாவுக்கு மர டிப்போவில் சுமை வேலை. அம்மா ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. அந்த வருஷம் பொங்கல் கழிந்து மாமா எங்களோடு வந்து சேர்ந்தார். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்; கல்யாணம் ஆகாதவர்; பட்டாளத்துக்காரர். எல்லையில் எங்கேயோ பனியில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் கால் வைத்துவிட்டார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. புனா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, பிறகு குடியாத்தத்தில் பங்காளி வீட்டில் இருந்து பார்த்து, அங்கே சரிப்படாமல், ஒரு டிரங்குப் பெட்டியோடும் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் இரண்டு கட்டைகளோடும் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்.

அவர் வருவதற்கு முன்னாலேயே நான் பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டிருந்தேன். நர்சிங் ஹோம் டாக்டரம்மாவின் தயவில் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு கான்வென்டில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று இருந்தது. ஒருத்தியின் அப்பா கம்ப்யூட்டர் கம்பெனி; இன்னொருத்தி வீட்டில் இரண்டு கார். எனக்கு இருந்தது ஒரே ஒரு மாமா. ஆறடி உயரம், துப்பாக்கி, தொப்பி, விறைப்பான சல்யூட் என்று நான் விட்ட கதைகளில் மாமாவுக்குக் கால்கள் இரண்டும் பத்திரமாக இருந்தன. அவர் வந்த மறுநாளிலிருந்து அந்தப் பேச்சையே அடியோடு நிறுத்திவிட்டேன்.

மாமா ஒன்றும் மூலையில் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. வந்த ஒரே வாரத்தில் சந்தின் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைத் தீர்த்துவைத்தார். குடங்களையெல்லாம் பட்டாளம் மாதிரி ஒரே வரிசையில் நிறுத்தி, "எவ கொடமாவது ஒரு இஞ்ச் முன்னால வந்துச்சி, அந்த கொடத்துக்கு ஒரு நாள் லீவு" என்று உத்தரவு போட்டார். பெண்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பீன்ஸ் நறுக்கினால்கூட எல்லாத் துண்டும் ஒரே நீளம். சந்துப் பிள்ளைகளுக்கு அவர் "டக்டக் மாமா". எனக்கு மட்டும் அந்த டக்டக் சத்தம் கேட்டாலே உடம்பு கூசும். கடைக்கு அவரோடு போகச் சொன்னால் பத்தடி முன்னால் ஓடிவிடுவேன்.

அவருக்கு வரவேண்டிய பென்ஷன் வரவே இல்லை. ஏதோ ஒரு மெடிக்கல் காகிதம் கோப்பில் சேரவில்லையாம். அது புனாவில் இருக்கிறதா, டில்லியில் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியவில்லை. பென்ஷன் வந்து சேரும்வரை உள்ளூர் தாலுகா ஆபீஸ் மூலமாக மாதாமாதம் ஒரு நிவாரணம் வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஆர்.ஐ. என்கிற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆளை நேரில் பார்த்து, உடல் ஊனத்தால் வேலை செய்து பிழைக்க முடியாதவர் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் மாமா வீட்டோடு இருந்து, வெட்டின இடத்தில் ஆறாமலிருந்த புண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் செக்யூரிட்டி வேலைதான். ஓர் ஏஜென்சிக்காரன் ஏற்கெனவே வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். எக்ஸ்-மிலிட்டரி என்றால் அவர்களுக்குக் கொள்ளை ஆசை. ஒரே நிபந்தனை, கட்டைக்காலை மாட்டிக்கொண்டு கேட்டில் நிற்கவேண்டும்.

அந்தக் கட்டைக்கால் கட்டிலுக்கு அடியில் ஒரு கோணிப்பையில் கிடந்தது. புனாவில் கொடுத்தது. புண் ஆறும்வரை அதைத் தொடவே கூடாது, மீறி மாட்டினால் காலை இன்னும் மேலே வெட்டவேண்டி வரும் என்று என் அம்மாவிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். என் காதில் விழுந்தது "அளவு சரியில்ல, கடிக்கும்" என்கிற பாதி மட்டும். என் ஸ்கூல் ஷூவும்தான் கடித்தது. நான் போட்டுக்கொண்டு போகவில்லையா? என் புத்தி அவ்வளவு தூரம்தான் ஓடியது.

ஒரு சனிக்கிழமை, அரை நாள் பள்ளி முடிந்து வந்த என்னை யூனிஃபார்மோடு அப்படியே மாமாவுடன் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பினாள் அம்மா. அவளுக்கு லீவு கிடையாது. அப்பா ஒரு நாள் போகவில்லை என்றால் டிப்போவில் அடுத்த நாள் வேறு ஆள் நிற்பான். மாமாவுக்குக் கன்னடம் ஓர் எழுத்துக்கூடப் படிக்க வராது. ஆபீஸ் என்றாலே அவர் வாயில் பட்டாளத்து இந்திதான் வரும். எனக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். வகுப்பில் முதல் மார்க். "நீ கூட இருந்து எடுத்துச் சொல்லு கண்ணு, மாமாவுக்கு நீதான் வாய்" என்று தலையை வாரிவிட்டாள்.

கவுன்டரில் மாமா இந்தியில் ஆரம்பித்தார். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கன்னடதல்லி ஹேளி" என்றான். நான் கன்னடத்தில் எடுத்துச் சொன்னேன். எல்லைக்குப் போனேன், காலை விட்டேன் என்று தினம் பத்துப் பேர் வருகிறார்கள், காகிதம் எங்கே என்றான் அவன். இதையும் தமிழில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், மாமா கட்டைகளைக் கவுன்டரில் சாய்த்தார். பேன்ட் காலை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். கட்டுத் துணியை அவிழ்த்தார்.

நானே அதுவரை அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. நுனி முழுக்கச் சிவந்து, ஓர் ஓரத்தில் ஈரமாக இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி இடுப்புப் பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். பியூன் தமிழ்க்காரன். "அய்யய்யோ, மூடுய்யா, மத்தியானம் சோறு துன்ன வேணாமா நாங்க" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் வரிசையில் எங்கள் வகுப்பு லீடரைப் பார்த்தேன். இரண்டு கார் வீட்டுக்காரி அவள்தான். ஏதோ சர்ட்டிபிகேட் வாங்க அவள் அப்பாவோடு வந்திருந்தாள். அவளும் என்னைப் போலவே யூனிஃபார்மில் இருந்தாள். வாயைப் பிளந்துகொண்டு மாமாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, என்னைப் பார்க்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மெல்ல நழுவினேன். கூடத்தின் கோடியில் ஒட்டியிருந்த வோட்டர் லிஸ்ட் முன்னால் போய் நின்று, பரீட்சைக்குப் படிப்பவள் போல ஒவ்வொரு பெயராக வாசித்தேன். பின்னால் தடாலென்று ஒரு சத்தம். கட்டை ஒன்று சரிந்து விழுந்துவிட்டது. மாமா ஒற்றைக் காலில், கவுன்டரைப் பிடித்துக்கொண்டு திரும்பி என்னைத் தேடினார். என்னைப் பார்த்தார். பிறகு என்னைப் போலவே நீலப் பினஃபோர் போட்ட இன்னொரு பெண்ணையும் பார்த்தார். என்னைக் கூப்பிடவில்லை. "அண்ணா, கொஞ்சம் அந்தக் கட்டைய எடுத்துக் குடுங்க" என்று யாரோ ஒருவரிடம் கேட்டார்.

புதன்கிழமை ஆர்.ஐ. நேரில் பார்ப்பார் என்று சீட்டு கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை லஞ்ச் நேரத்தில் லீடர் கதையை எடுத்தாள். ஒரு ஆள், அழுக்கு, ஒரு கால் இல்லை, எல்லோருக்கும் முன்னால் அதைத் தூக்கிக் காட்டினான் என்று நடித்தே காட்டினாள். மாமா அழுக்கு இல்லை. தினம் இரண்டு வேளை குளிப்பவர். அதையாவது நான் சொல்லியிருக்கலாம். எல்லோரும் "சீ" என்றார்கள். நானும் "சீ" என்றேன். எல்லோரையும்விடச் சத்தமாக.

அன்று சாயங்காலம் மாமா ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து உரித்த தோலைப் பொறுக்கினேன்.

"மாமா, பொதங்கெழம அந்தக் கால மாட்டிகினு வரியா?"

கத்தி நின்றது. "ஏன் பாப்பா?"

"சும்மாதான். ஆபீசர் பாக்குறாரு இல்ல. ஷூ, பேன்ட்டு எல்லாம் போட்டுகினா நல்லா இருக்கும். மிலிட்டரி மாதிரி இருக்கும்."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. மாட்டிக்கலாம்" என்றார். "உங்கம்மா கிட்ட சொல்லாத. கத்துவா."

செவ்வாய்க்கிழமை அம்மா ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகு கோணிப்பையைப் பிரித்தார். பழைய பனியனைக் கிழித்துப் பட்டை பட்டையாகச் சுற்றி, காலைச் சொருகி, தோல் வாரை இழுத்துக் கட்டினார். ஸ்டவ்விலிருந்து வாசல்வரை, வாசலிலிருந்து ஸ்டவ்வரை நடந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் கை தட்டினேன். "லெப்ட், ரைட், லெப்ட், ரைட்" என்று கமாண்டுகூடக் கொடுத்தேன். கடவுளே, எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அன்றைக்கு! பிறகு ஷூவுக்கு பாலிஷ் போட்டார். இரண்டு ஷூவுக்கும். கட்டைக்காலில் மாட்டிய ஷூ மட்டும் கூடுதலாக மின்னியது. அது மடங்குவதில்லை, அதனால் அதன் தோலில் ஒரு சுருக்கமும் இல்லை.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம். கவர்மென்ட் ஆபீஸுக்குப் போகிற அன்றைக்கு யாரும் வேலைத் துணியோடு போகமாட்டார்கள். கல்யாணத்துக்கு எடுத்ததை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, பவுடர் பூசிக்கொண்டு போவார்கள். ஏழை என்று எழுதி வாங்கப் போகிறவர்கள்கூட அப்படித்தான். அங்கே போய் யாரும் நம்மை இளப்பமாகப் பார்த்துவிடக்கூடாது, அவ்வளவுதான் எண்ணம். இந்த ஒரு பைத்தியக்காரத்தனத்தால் எத்தனை மனு தள்ளுபடி ஆகியிருக்குமோ. அந்தப் புதன்கிழமை மாமாவும் வெள்ளைச் சட்டை, கத்தி முனை மாதிரி மடிப்பு விழுந்த சாம்பல் பேன்ட், சட்டைப் பையில் பேனா என்று கிளம்பினார். கட்டைகள் இரண்டும் வீட்டிலேயே இருந்தன. எனக்கு ஜுரம் என்று பள்ளிக்கு லீவு லெட்டர் போயிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்த இத்தனை மாதத்தில் தெருவில் அவர் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஆர்.ஐ. அறை மாடியில் இருந்தது. மாமா கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். அறை நிறைய ஆட்கள். ஆர்.ஐ. கெட்டவர் இல்லை. அதை நான் சொல்லியே ஆகவேண்டும். வயசானவர், மூக்கு நுனியில் கண்ணாடி, மேஜை மேல் பேரன் பேத்தி படம். மாமா விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்ததும் முகம் மலர்ந்து, உட்காரச் சொன்னார். மாமா உட்காரவில்லை. அந்தக் காலோடு உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பட்டாளத்துக்காரர் ஆபீசர் முன்னால் உட்காரமாட்டார் என்று நானே கன்னடத்தில் எடுத்துவிட்டேன்.

ஆர்.ஐ. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஏனம்மா, கன்னடா எஷ்டு சென்னாகி மாதாட்தியா!" என்றார். அறையில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து, இந்தத் தமிழ்ப் பெண் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் பாருங்கள், நம் பிள்ளைகளே இப்படிப் பேசுவதில்லை என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அவர் ஃபைலைத் திறந்தார். காலைப் பார்க்கவேண்டுமே, பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கச் சொல்லம்மா என்றார்.

இத்தனை பேருக்கு முன்னால் மறுபடியுமா? அந்தச் சிவப்பு, அந்த ஈரம், பியூனின் அய்யய்யோ, லீடரின் நடிப்பு, எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்தன. மாமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் திரும்பவே இல்லை. ஆர்.ஐ.யைப் பார்த்தே சொன்னேன்.

"பேடா சார். சென்னாகி நடீதாரே."

வேண்டாம் சார், நன்றாக நடக்கிறார். ஆர்.ஐ. ஓரடி நடந்து காட்டச் சொன்னார். இதை மட்டும் மாமாவிடம் எடுத்துச் சொன்னேன். அவர் கதவுவரை போய்த் திரும்பி வந்தார். ஸ்டவ்விலிருந்து வாசல்வரை போன அதே நடை. "பரவாகில்லா!" என்று ஆர்.ஐ. தலையை ஆட்டினார். வலி ஏதாவது உண்டா என்றார்.

"நோவு ஏனில்லா சார்" என்றேன்.

ஏதாவது வேலை கீலை செய்யமுடியுமா, நின்று செய்கிற வேலை?

செய்வார் சார் என்றேன். எல்லா வேலையும் செய்வார். எங்கள் மாமாவால் முடியாதது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன், அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால். இத்தனைக்கும் எதற்காக வந்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அம்மா நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த நேரத்தில் அதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அந்தப் பேன்ட் மேலே போகக்கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மாமா கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். என்ன கேட்டார் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆர்.ஐ. எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று மாமாவுக்குக் கை கொடுத்தார்.

இறங்கும்போது மாமா கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒரு படிக்கு ஒரு நிமிஷமாக இறங்கினார். "சீக்கிரம் வா மாமா" என்றேன். ஆபீஸுக்கு எதிரில் ஒரு பேக்கரி. அதன் வாசல் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தவர், "பாப்பாவுக்கு ஒரு ஹனி கேக் குடுப்பா" என்றார்.

"ஆர்.ஐ. சார் நல்லவரு இல்ல மாமா?"

"நல்லவருதான்."

"நான் கரெக்டா பேசினேனா?"

மாமா வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். பனியன் பட்டையெல்லாம் சிவப்பாக இருந்தது.

"நல்லா பேசின பாப்பா" என்றார். பிறகு நான் பட்டையையே பார்ப்பதைக் கவனித்து, "கடிச்சிடிச்சி. புது ஷூ கடிக்கும் இல்ல, அந்த மாதிரி" என்றார். நான் கேக்கைத் தின்று முடித்தேன். மேலே இருந்த ஜாமைக் கடைசியில் நக்கித் தின்றேன் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் அம்மா பனியன் துணியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "உன்ன யாருண்ணா இத மாட்டிகினு போ சொன்னது?"

"ஆபீசர் முன்னால கட்டைய இடுக்கிகினு போயி நிக்க சொல்றியா? நான்தான் மாட்டிகினு போனேன்."

"கால பாத்தானா அந்தாளு?"

"பாத்தாரு, பாத்தாரு" என்றார் மாமா.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் கன்னடம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விளக்கு வைக்கிற நேரம். அம்மா, அப்பா, மாமா மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனுதாரர் நன்றாக நடக்கிறார். வலி ஏதும் இல்லை. நின்று செய்யும் வேலை செய்யக்கூடியவர். ஆகவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. என் வார்த்தைகளே சீல் குத்தி என் கைக்குத் திரும்பி வந்திருந்தன. நான் கடைசி வரியை மட்டும் படித்தேன். காரணம் ஒன்றும் போடவில்லை என்றேன்.

"அவன் வெளங்குவானா? அவன் கை அழுவிப் போவ" என்று அம்மா ஆர்.ஐ.க்குச் சாபம் கொடுத்தாள். அப்பா, லஞ்சம் எதிர்பார்த்திருப்பான் என்றார். அன்றிலிருந்து பல வருஷத்துக்கு எங்கள் வீட்டில் அந்த நல்ல மனிதர் திட்டு வாங்காத நாளில்லை. மாமா மட்டும், "வுடுங்க. கண்ணால பாத்தத எழுதினான். அவன் மேல இன்னா தப்பு?" என்பார். நான் அந்தக் கடிதத்தைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து, பிறகு ரயில் பாதைப் பக்கம் கொண்டுபோய்க் கிழித்துப் போட்டேன்.

அடுத்த மாதம் மாமா ஹெண்ணூர் ரோட்டில் ஓர் அபார்ட்மென்டில் செக்யூரிட்டி ஆனார். பன்னிரண்டு மணி நேரம் கேட்டில் நிற்கவேண்டும். கார் வரும்போதெல்லாம் சல்யூட். அப்படி இரண்டு வருஷம் நின்றார். மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஜுரத்தோடு கொண்டுவந்து விட்டார்கள். டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. முழங்காலும் போனது. அப்போதுகூட, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அம்மா என்னைக் கொன்றுவிடுவாள் என்கிற பயம் ஒரு பக்கம். மாமாவுக்குக் கன்னடம் தெரியாது, அதனால் அவருக்கு இது தெரிய வழியில்லை என்கிற தைரியம் இன்னொரு பக்கம். சொல்லவே நாக்கூசுகிறது, அந்தத் தைரியத்தில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் பி.யூ.சி. படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்காம் பக்கத்திலிருந்து மாமாவைப் பார்க்க ஒருவர் வந்தார். அவரோடு பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய பென்ஷனும் இதே மாதிரி சிக்கி, எப்படியோ அவிழ்ந்திருந்தது. எந்தக் காகிதத்தை எங்கே அனுப்பவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வந்திருந்தார். பிற்பாடு மாமாவுக்குப் பென்ஷன் வந்தது அவர் புண்ணியத்தில்தான். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அவர் கன்னடத்தில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். வடக்குப் பக்கத்துக் கன்னடம், எனக்கே அங்கங்கே தடுக்கியது. மாமா கட்டிலில் சாய்ந்துகொண்டு, தமிழில், ஒரு வார்த்தை பிசகாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கன்னடத்தில் ஜோக் அடித்தார். முடிவதற்கு முன்னால் மாமா சிரித்தார். மாமா தமிழில் கேட்டார். அவர் கன்னடத்தில் திட்டினார்.

"மாமா, உனக்குக் கன்னடம் தெரியுமா?" என்றேன்.

"பேச வராது பாப்பா. கேட்டா புரியும்" என்றார் மாமா, டம்ளரை வாங்கிக்கொண்டே. "ஏழு வருஷம் இவன் கூட ஒரே கூடாரம். இவன் வாயி மூடவே மூடாது. புரியாம எங்க போறது?"

வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓ, ஆபீஸில் இவனுக்காகப் பேசிய பெண் நீதானா?" என்று கன்னடத்தில் கேட்டார். "அப்போதே எனக்கு இந்தியில் லெட்டர் போட்டானே. தங்கச்சி பெண் என்னமாய்க் கன்னடம் பேசுகிறாள் தெரியுமா, கொஞ்சமும் பயமில்லை, ஆபீசரே அசந்துபோய்விட்டார் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான்."

மாமா டீயை ஊதிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. அவர் கண்ணை நான் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகவே பார்க்காமல் இருந்தார் என்று நினைக்கிறேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த அறையில் மாமாவுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. காலைக் காட்டு என்றதும் புரிந்தது, வேண்டாம் என்று நான் சொன்னதும் புரிந்தது, வலியே இல்லை என்றதும் புரிந்தது. குனிந்து பேன்ட்டைச் சுருட்ட அவருக்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் மாடி ஏறி வந்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவருடைய காலை மறைத்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என்னை அவர் மறைத்தது எனக்குத் தெரியவே இல்லை.

இப்போது நாங்கள் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். மாமா எங்களோடுதான் இருக்கிறார். அறுபதை நெருங்குகிறார். வருஷா வருஷம் நவம்பரில், உயிரோடு இருக்கிறேன் என்று பேங்கில் போய் எழுதிக் கொடுக்கவேண்டும். கட்டைகளை இடுக்கிக்கொண்டு டக்டக்கென்று அவர் முன்னால் போவார், நான் பக்கத்தில் போவேன். கவுன்டரில் ஏதாவது கன்னடத்தில் கேட்டால் நான் பதில் சொல்வேன். மாமா கேட்டுக்கொண்டு நிற்பார்.

போன நவம்பரில் கவுன்டரில் இருந்த சின்னப் பெண் என்னைப் பார்த்து, "மேடம், கன்னடா தும்ப சென்னாகி மாதாட்தீரா" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சின்ன வயசுலயே அப்படித்தாம்மா" என்று மாமா அவளிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார், பெருமையாக.